லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேம்ஸ் ஆற்றங்கரையில் நிற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைதான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம். லண்டனுக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் பாலத்தில் நின்று மணிக்கூண்டோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்து லண்டன் ஐ ராட்டினத்துக்கு நடையைக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே போகலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துப்போகும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும், என் பதில்களும் இவை.

வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே போக முடியுமா?

தாராளமாகப் போகலாம். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, டிக்கெட் வாங்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பது. சபை கூடாத நாட்களில்தான் இது நடக்கும். ஆண்டு முழுவதும் சனிக்கிழமைகளில் உண்டு. சபை விடுமுறையில் இருக்கும்போது வார நாட்களிலும் உண்டு. காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டியோடு நம் போக்கில் நடக்கலாம், அல்லது வழிகாட்டி ஒருவர் பின்னால் கூட்டமாகப் போகலாம். எப்படிப் போனாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இன்னொன்று, சபை நடக்கும்போது பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விவாதம் பார்ப்பது. இதற்குக் காசு கிடையாது. வரிசையில் நின்றால் போதும்.

பிரிட்டனிலேயே வசிப்பவர்களுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது: தங்கள் தொகுதி எம்.பி. மூலம் இலவசச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். இங்கே பல ஆண்டுகளாக இருந்தும் இதைக் கேட்டே பார்க்காத நம் ஆட்கள் ஏராளம்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

கட்டடக் கலை, ஓவியம், வரலாறு என்றால் உயிரை விடுபவர்கள் டிக்கெட் வாங்குங்கள். மற்றவர்களுக்கு என் ஓட்டு விவாதத்துக்குத்தான். மாடத்துக்குப் போகும் வழியிலேயே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம், புனித ஸ்டீபன் மண்டபம், நடுக்கூடம் மூன்றையும் கடந்துதான் போகிறீர்கள். பாதிக் கட்டடம் சும்மாவே கிடைத்துவிடுகிறது. மேலவையான பிரபுக்கள் சபையின் தங்க வேலைப்பாடுகளை நிதானமாகப் பார்ப்பதும், எம்.பி.க்கள் கூடும் கீழவையான காமன்ஸ் சபையின் தளத்திலேயே நடப்பதும் மட்டும் டிக்கெட்காரர்களுக்கு.

விவாதம் பார்க்க எப்போது போக வேண்டும்?

காமன்ஸ் சபை திங்கட்கிழமை பிற்பகல் 2.30க்கும், செவ்வாய், புதன் கிழமைகளில் காலை 11.30க்கும், வியாழக்கிழமை காலை 9.30க்கும் கூடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் சிலவற்றில் மட்டும். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை கோடை விடுமுறை. நம் ஊர்க்காரர்கள் சுற்றுலா வருவதும் பெரும்பாலும் அப்போதுதான் என்பது ஒரு சங்கடம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயங்களிலும் சபை இருக்காது. விமான டிக்கெட் போடும் முன்பே நாடாளுமன்ற இணையதளத்தில் தேதிகளைப் பார்த்துவிடுங்கள்.

எல்லோரும் ஆசைப்படுவது புதன்கிழமை நண்பகல் 12 மணிக்கு வரும் பிரதமர் கேள்வி நேரத்துக்கு. தொலைக்காட்சியில் பார்க்கும் அந்தக் கூச்சலும் கேலியும் அப்போதுதான். ஆனால் அதற்கான இடங்கள் எம்.பி.க்கள் வழியாக உள்ளூர்க்காரர்களுக்குப் போய்விடும். மிச்சம் இருந்தால்தான் வரிசையில் நிற்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு. ஒரு நாள்தான் லண்டனில் என்றால் அதை நம்பி அரை நாளை இழக்காதீர்கள். திங்கட்கிழமை மாலையோ செவ்வாய்க்கிழமை பிற்பகலோ போனால் அவ்வளவு நெரிசல் இருக்காது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல நேரங்களில் சபையில் இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள். மீன்பிடிச் சட்டத் திருத்தம் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். பின்னால் ஒருவர் போனைத் தடவிக்கொண்டிருப்பார். அதுதான் நாடாளுமன்றத்தின் அன்றாட வேலை. எனக்கு அது பிடிக்கும்.

வாசல் எங்கே? சோதனை கடுமையாக இருக்குமா?

வெஸ்ட்மின்ஸ்டர் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் எதிரே மணிக்கூண்டு. சாலையைக் கடந்து குரோம்வெல் சிலை இருக்கும் பக்கம் போங்கள். பார்வையாளர் வாசல் அங்கேதான். விமான நிலையத்தில் போலவே பை, பெல்ட், கோட்டு எல்லாம் ஸ்கேனருக்குள் போகும். பெட்டி படுக்கையோடு நேராக வந்துவிடாதீர்கள். சாமான்களை வாங்கி வைத்துக்கொள்ள உள்ளே இடம் கிடையாது. கூட்டம் உள்ள நாளில் இந்தச் சோதனைக்கே நேரம் பிடிக்கும் என்பதால் சற்று முன்னதாகவே போய்விடுவது நல்லது.

நுழைந்ததும் வரும் அந்தப் பெரிய காலி மண்டபத்தில் அப்படி என்ன இருக்கிறது?

அண்ணாந்து பாருங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைக் கட்டியவர் இரண்டாம் வில்லியம் மன்னர். கட்டி முடித்தது 1099இல், அதாவது இங்கே நம் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில். நீளம் 73 மீட்டர், அகலம் 20 மீட்டர். இப்போதிருக்கும் கூரை 1390களில் இரண்டாம் ரிச்சர்ட் போட வைத்தது. ஹியூ ஹெர்லண்ட் என்ற தச்சரின் கைவண்ணம். அவ்வளவு அகலத்துக்கும் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. சுவரிலிருந்து நீளும் ஓக் மரக் கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி பாரத்தைத் தாங்குகின்றன. ஒவ்வொரு கையின் முனையிலும் கேடயம் ஏந்திய ஒரு தேவதை.

பிறகு தரையைப் பாருங்கள். இங்கே யார் யாருக்கு என்ன நடந்தது என்று சொல்லும் பித்தளைத் தகடுகள் கல்லில் பதித்திருக்கும். முதலாம் சார்லஸ் மன்னருக்கு 1649இல் மரண தண்டனை விதித்தது இங்கே. ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸ், தாமஸ் மோர், வெடிமருந்துச் சதிக்காரர் கய் ஃபாக்ஸ் எல்லோரும் விசாரிக்கப்பட்டது இங்கே. வங்காள கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான குற்ற விசாரணை 1788இல் இங்கே தொடங்கி 1795 வரை இழுத்தது. கடைசியில் விடுதலை. 2022இல் எலிசபெத் ராணியின் உடலை வைத்து, மக்கள் இரவும் பகலும் வரிசையில் வந்து வணங்கிப் போனதும் இதே தளத்தில்தான்.

அரண்மனை முழுவதுமே அவ்வளவு பழையதா?

இல்லை. இந்த மண்டபமும் இன்னும் சில பகுதிகளும்தான் பழையவை. மற்றதெல்லாம் 1834 அக்டோபர் 16 இரவு எரிந்துபோனது.

எரிந்த கதை வேடிக்கையானது. கஜானாக் கணக்கை மரக்குச்சிகளில் வெட்டுப்போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் இங்கிலாந்தில் பல நூறு ஆண்டுகள் இருந்தது. அது ஒழிந்த பிறகு குவிந்து கிடந்த குச்சிகளை என்ன செய்வது என்று யோசித்து, பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த சூடேற்றும் அடுப்புகளில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். வேலையாட்கள் காலையிலிருந்து வண்டி வண்டியாகத் திணித்துக்கொண்டே இருந்தார்கள். அன்று மாலை 4 மணிவாக்கில் சபையைச் சுற்றிப் பார்க்க வந்த இருவருக்குத் தரை சுட்டது. புகையில் சுவரின் திரைச்சீலைகளே சரியாகத் தெரியவில்லை. சொல்லியும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில மணி நேரத்தில் இரண்டு சபைகளும் போயின. உங்களுக்கு முன்னால் வந்த சுற்றுலாப் பயணிகள் சொன்னதை அன்றைக்குக் கேட்டிருக்கலாம்.

புதிய அரண்மனையை வடிவமைத்தவர் சார்லஸ் பாரி. உள் அலங்காரம் முழுக்க அகஸ்டஸ் ப்யூஜின்: சுவர்க் காகிதம், தரை ஓடு, நாற்காலி, மைக்கூடு வரை.

தமிழர்களாகிய நமக்கு இதில் என்ன தொடர்பு?

புனித ஸ்டீபன் மண்டபத்துக்கு வரும்போது கொஞ்சம் மெதுவாக நடங்கள். பெரும்பாலானவர்கள் இதை ஒரு நடைபாதையாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். 1834 தீ வரை சுமார் மூன்று நூற்றாண்டுகள் காமன்ஸ் சபை கூடியது இந்த இடத்தில் இருந்த தேவாலயத்தில்தான். பாடகர் குழுவுக்காக எதிரெதிரே போட்டிருந்த பெஞ்சுகளில் எம்.பி.க்கள் உட்கார்ந்தார்கள். இன்றும் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் முகத்துக்கு முகம் பார்த்து உட்காருவது அதன் தொடர்ச்சி. சபாநாயகர் நாற்காலி இருந்த இடத்தைத் தரையில் பித்தளைக் குமிழ்கள் காட்டும்.

1785 பிப்ரவரி 28 அன்று எம்.பி.யாக இருந்த எட்மண்ட் பர்க் இங்கே பேசினார். விஷயம், ஆற்காட்டு நவாப் முகமது அலியின் கடன். சென்னையில் இருந்த கம்பெனி அதிகாரிகள் கொள்ளை வட்டிக்கு நவாபுக்குக் கடன் கொடுத்து, ஈடாகக் கிராமங்களின் வரி வசூலையே எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர்ச் சீமையும் இந்தக் கடன் வலையில் சிக்கியது. அந்தப் பணத்தில் ஊர் திரும்பி எம்.பி. ஆனவர்களும் உண்டு, கடன்காரர்களில் முதன்மையான பால் பென்ஃபீல்டே 1780இல் இந்தச் சபைக்குத் தேர்வானவர். இவர்கள் கேட்ட கடனை விசாரிக்காமல் நம் மண்ணின் வருவாயிலிருந்து தீர்த்துவிட அரசு முடிவு செய்ததை எதிர்த்துத்தான் பர்க் எழுந்தார்.

அந்தப் பேச்சில் அவர் நம் ஏரிகளைப் பற்றிச் சொல்கிறார். கர்நாடகச் சீமையிலும் தஞ்சையிலும் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருக்கும் என்று கணக்குக் காட்டி, அவற்றை வெட்டிய மன்னர்கள் தம் மக்களுக்குத் தந்தையராக இருந்தவர்கள் என்கிறார். கர்நாடகச் சீமை என்று அவர் சொல்வது ஆற்காட்டு நவாபின் பகுதியை; நம் வட தமிழகம் அதில் அடங்கும். மதுராந்தகம் ஏரியையோ காவேரிப்பாக்கம் ஏரியையோ பார்த்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் நின்று அதை நினைத்துப் பாருங்கள். பேச்சு பல மணி நேரம் போனது. வாக்கெடுப்பில் தோற்றது.

பிற்காலத்துக்கு வந்தால், 1892இல் லண்டனின் ஃபின்ஸ்பரி சென்ட்ரல் தொகுதியில் வென்று தாதாபாய் நௌரோஜி இந்த நாடாளுமன்றத்துக்குள் வந்தார். 2024 தேர்தலில் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் ஈழத் தமிழ்க் குடும்பத்தின் மகளான உமா குமரன் வென்றார். அதற்கு முன்பு 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை, முள்ளிவாய்க்காலில் மக்கள் செத்துக்கொண்டிருந்த நாட்களில், எதிரே இருக்கும் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஈழத் தமிழர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போது லண்டன் தமிழர் ஒருவர் உங்களோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டிலிருந்தும் யாராவது அங்கே போயிருப்பார்.

அதே மண்டபத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

இரு பக்கமும் பளிங்குச் சிலைகள். அவற்றில் ஃபாக்லண்ட் பிரபுவின் சிலையில் காலணியைக் கவனியுங்கள். குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டும் குதிரைமுள் உடைந்திருக்கும். 1909இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் இந்தச் சிலைகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள்; அறுத்து எடுக்கும்போது உடைந்தது அது. யாரும் ஒட்டவைக்கவில்லை. தேடினால்தான் கண்ணில் படும்.

அடுத்து வரும் எட்டுப்பக்க நடுக்கூடத்தின் ஜன்னல்களில் உலோகக் கிராதி தெரியும். முன்பு இது காமன்ஸ் சபையின் பெண்கள் மாடத்தில் இருந்தது; அந்தக் காலத்தில் பெண்கள் விவாதம் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கிராதிக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். 1908இல் இரண்டு பெண்கள் அதிலும் தங்களைப் பூட்டிக்கொள்ள, கிராதியோடு சேர்த்தே அவர்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

சபாநாயகர் ஊர்வலம் என்கிறார்களே, அதைப் பார்க்க முடியுமா?

முடியும், கட்டாயம் பாருங்கள். சபை கூடுவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக நடுக்கூடத்தில் நிற்க வேண்டும். திங்கட்கிழமை என்றால் 2.25 போல. கூடம் சட்டென்று அடங்கும். ஒரு காவலர் "ஹேட்ஸ் ஆஃப், ஸ்ட்ரேஞ்சர்ஸ்!" என்று உரக்கக் கூவுவார், காவலர்கள் தலைக்கவசத்தைக் கழற்றுவார்கள். தங்க முலாம் பூசிய கோலைத் தோளில் சாய்த்தபடி ஓர் அதிகாரி, பின்னால் கறுப்பு அங்கியில் சபாநாயகர், அங்கியின் வாலைப் பிடித்தபடி ஒருவர், பாதிரியார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு உள்ளே பிரார்த்தனை; அது முடிந்த பின்தான் நம்மை மாடத்துக்கு விடுவார்கள்.

பிரபுக்கள் சபை எப்படி இருக்கும்?

சிவப்பும் தங்கமும். கண் கூசும். ப்யூஜினுக்கு வெற்றிடம் என்றால் ஆகாது போலிருக்கிறது. மன்னரின் சிம்மாசனமும், அதன் முன்னால் கம்பளி அடைத்த பெரிய சிவப்பு மெத்தையும் பார்க்க வேண்டியவை. அவையின் தலைவர் அதன்மேல்தான் உட்காருகிறார்.

காமன்ஸ் சபை டி.வி.யில் பெரிதாகத் தெரிகிறது. நேரில் சின்னதாக இருக்கிறதே?

எல்லோரும் கேட்பது இது. எம்.பி.க்கள் 650 பேர். இருக்கைகள் சுமார் 427. முக்கியமான நாட்களில் மீதிப்பேர் படிகளிலும் வாசலிலும் நிற்பார்கள். இது தெரிந்தே செய்த ஏற்பாடு. 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் சபை தரைமட்டமானது. திரும்பக் கட்டும்போது பெரிதாகவோ அரைவட்டமாகவோ கட்டலாம் என்ற யோசனைகளை சர்ச்சில் ஏற்கவில்லை. சிறிய, நீள்சதுரமான, நெருக்கமான இடத்தில்தான் விவாதம் சூடு பிடிக்கும் என்பது அவர் கட்சி. 1950இல் திறந்தார்கள். குண்டில் சிதைந்த கற்களையே வைத்துக் கட்டிய வளைவு ஒன்று உறுப்பினர் கூடத்தில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் சர்ச்சில் சிலையின் கால் மட்டும் மின்னும். பேசப் போகும் எம்.பி.க்கள் நல்ல சகுனத்துக்காகத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தது.

புதிய சபைக்குக் காமன்வெல்த் நாடுகள் தட்டுமுட்டுச் சாமான்கள் அனுப்பின. சபாநாயகர் நாற்காலி ஆஸ்திரேலியாவுடையது, மேஜை கனடாவுடையது. நுழைவுக் கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும் கொடுத்தவை. அவைக் காவலரின் நாற்காலி அன்றைய சிலோன் கொடுத்தது. பிரிந்து சில ஆண்டுகளே ஆன இரண்டு நாடுகளின் கதவுகளும் ஒரே வாசலில் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

தரை விரிப்பில் இரண்டு சிவப்புக் கோடுகள் இருக்கும். பேசும்போது உறுப்பினர் அதைத் தாண்டக்கூடாது. இடைவெளி இரண்டு வாள் நீளம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது உண்மையோ இல்லையோ, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம், அந்தப் பச்சை பெஞ்சுகளில் உட்காரக்கூடாது. காசு கொடுத்து வந்தாலும் கிடையாது.

நடுவில் மணி அடித்து எல்லோரும் எழுந்து ஓடுகிறார்களே?

பயப்பட வேண்டாம், வாக்கெடுப்பு. கட்டடம் முழுவதும், பக்கத்து மதுக்கடைகள் சிலவற்றிலும்கூட, இந்த மணி அடிக்கும். எட்டு நிமிடத்துக்குள் வந்து ஆதரவுக்கு ஒரு கூடம், எதிர்ப்புக்கு ஒரு கூடம் என்று நடந்து போக வேண்டும். அதற்குமேல் கதவைப் பூட்டிவிடுவார்கள். டெல்லியில் பொத்தானை அழுத்தி முடிக்கும் வேலைக்கு இங்கே கால் மணி நேரம். விவாதம் போரடித்தாலும் வாக்கெடுப்பு வரை காத்திருப்பது வீண் போகாது. காலியாக இருந்த சபைக்கு எங்கிருந்துதான் வருவார்களோ!

பிக் பென் மணிக்கூண்டின் மேலே ஏறலாமா?

ஏறலாம். ஆனால் அது தனி டிக்கெட். பல வாரங்களுக்கு முன்பே வாங்க வேண்டும். விற்பனை தொடங்கியதும் தீர்ந்துவிடும். மணி இருக்கும் இடம் வரை 334 படிகள், பார்வையாளர்களுக்கு லிஃப்ட் இல்லை. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுங்கள்.

மணியின் எடை 13.7 டன். 1859இல் அடிக்கத் தொடங்கி இரண்டே மாதத்தில் விரிசல் விட்டது. மணியைக் கொஞ்சம் திருப்பிவைத்து, இலேசான சுத்தியல் போட்டுச் சமாளித்தார்கள். அந்த விரிசலோடுதான் இன்றைக்கும் அடிக்கிறது. கடிகாரத்தின் ஊசலில் பழைய பென்னி நாணயங்களை அடுக்கியிருப்பதையும் காட்டுவார்கள். ஒரு பென்னி வைத்தால் ஒரு நாளில் 0.4 நொடி வேகமாகும். எடுத்தால் அதே அளவு மெதுவாகும். மணி அடிக்கும் நேரத்துக்குக் காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், வீரம் வேண்டாம்.

போட்டோ எடுக்கலாமா?

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலும் புனித ஸ்டீபன் மண்டபத்திலும் எடுக்கலாம். அதற்கு அப்பால் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். விவாத மாடத்தில் இதில் ரொம்பக் கறார். மாடத்துக்கு முன்னால் உள்ள கண்ணாடித் தடுப்பு 2004இல் வந்தது. அதே ஆண்டு மே மாதம் அந்தத் தடுப்புக்கு முன்னால் உள்ள இருக்கைகளில் இருந்து அன்றைய பிரதமர் டோனி பிளேர் மேல் ஊதா நிற மாவுப் பொட்டலம் வீசினார்கள்.

அம்மா அப்பாவால் நடக்க முடியுமா? சக்கர நாற்காலி?

தளங்கள் பெரும்பாலும் சமமானவை. படி வரும் இடங்களில் லிஃப்ட் வழியாகச் சுற்றி அழைத்துப்போவார்கள். நுழையும்போதே ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள். நெடுநேரம் நிற்பதுதான் பெரியவர்களுக்குச் சிரமம். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் கல் தரை குளிர்காலத்தில் காலுக்குள் ஏறும். கனமான காலுறை போட்டு அழைத்து வாருங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை ஒட்டி ஜூபிலி கஃபே இருக்கிறது. காபி, சாண்ட்விச் கிடைக்கும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரை இருந்தால் வெளியே வந்து தெற்குப் பக்கம் நடந்து விக்டோரியா கோபுரப் பூங்காவுக்குப் போங்கள். ஆற்றைப் பார்த்தபடி பெஞ்சுகள் இருக்கின்றன. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் இருக்கும் நெரிசலில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. போகும் வழியில் சாலைக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கும் சின்னக் கல் கோபுரம், 1360களில் மன்னரின் நகைகளை வைக்கக் கட்டியது. தீயில் தப்பியவற்றில் அதுவும் ஒன்று.

நாடாளுமன்றச் சதுக்கத்தில் காந்தி சிலை 2015இல் வைத்தது. சர்ச்சிலும் அங்கேதான் நிற்கிறார். இருவரையும் ஒரே படத்தில் அடக்கப் பலர் முயல்வதைப் பார்க்கலாம். முடியும், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்னால் சாலை இருக்கிறது, பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.